விற்பனை இரட்டிப்பானால் கார் பாழாகுமா?

கேள்வி: ஒன்பது வருடப் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க நினைக்கிறேன். எனக்குப் பிடித்திருக்கும் காரைத் தயாரிக்கும் நிறுவனத்தின் விற்பனை மூன்றே வருடங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எங்கள் தெருவிலேயே ஐந்து நிற்கின்றன. என் மாமனார் 30 வருடம் லாரி வைத்துத் தொழில் செய்தவர். “இவ்வளவு வேகமாகச் செய்கிற வண்டியில் தரம் இருக்காது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள் மாப்பிள்ளை” என்கிறார். ஷோரூமில் கேட்டால், “தரம் இல்லாமலா சார் இத்தனை பேர் வாங்குகிறார்கள்?” என்கிறார்கள். யார் சொல்வது சரி? முன்பணம் கட்டலாமா?
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ஷோரூம்காரர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். உங்கள் தெருவில் நிற்கும் ஐந்து கார்களில் எத்தனை வாங்கி ஒரு வருடத்தைத் தாண்டியிருக்கும்? ஒரு காரின் யோக்கியதை மூன்றாவது மழைக்காலத்தில்தான் தெரியும். இன்றைய விற்பனை, வாங்கியவர்கள் வைத்த நம்பிக்கையின் கணக்கு. அந்த நம்பிக்கை பலித்ததா என்ற கணக்கு வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

உங்கள் மாமனார் சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீள்கிறது.

நான் கார் செய்தவன் இல்லை. காருக்குள் ஓடும் ஒயர் கட்டுகளைத் தயாரிக்கும் ஆலைகளில், தரப் பிரிவில், 31 வருடம் வேலை பார்த்தவன். ஹார்னஸ் என்போம். டேஷ்போர்டைக் கழற்றினால் கறுப்பு டேப் சுற்றிப் பாம்புபோல் சுருண்டு கிடக்குமே, அதுதான். காரின் உடம்பை வெல்டிங் செய்யவும் பெயிண்ட் அடிக்கவும் ரோபோ வந்துவிட்டது. வளைந்து நெளியும் ஒயரைப் பிடித்துச் சரியான துளையில் செருகும் வேலை மட்டும் பெரும்பாலும் இன்னும் மனிதக் கையில்தான் இருக்கிறது. ஆகவே கார் ஆலை வேகத்தைக் கூட்டினால் எங்களுக்கு ஒரே வழிதான்: ஆள் சேர்ப்பது.

ஒயரின் முனையில் டெர்மினல் என்ற சிறு உலோகத் துண்டு இருக்கும். அதைக் கனெக்டரின் துளைக்குள் செருக வேண்டும். முழுதாக உள்ளே போனதும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு அதன் பின்னால் மடிந்து பூட்டிக்கொள்ளும். அப்போது ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் வரும். செருகு, சத்தத்தைக் கேள், லேசாகப் பின்னால் இழுத்துப் பார். புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவது இந்த மூன்றையும்தான். இரண்டு வாரம் போனால் அந்தச் சத்தம் காதிலிருந்து விரல் நுனிக்கு இறங்கிவிடும். எங்களிடம் நான்கு வருட அனுபவமுள்ள ஒரு பெண் இருந்தார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே செருகுவார். பூட்டாத டெர்மினல் ஒன்று வந்தால் பேச்சு நடுவில் நிற்கும். கை தானாகத் திரும்பிப் போகும். அவருக்கே ஏன் நிறுத்தினோம் என்று சில சமயம் தெரியாது.

ஒரு வருடம், நாங்கள் சப்ளை செய்துகொண்டிருந்த கார் நிறுவனத்தின் புது மாடல் அவர்களே எதிர்பார்க்காத அளவுக்கு விற்றது. ஒரு நாளைக்கு 300 செட் கேட்டவர்கள் எட்டே மாதத்தில் 700 கேட்டார்கள். இரண்டாவது லைன் போட்டோம். மூன்றாவது ஷிஃப்ட் ஓட்டினோம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். 15 நாள் பயிற்சி 4 நாளாகச் சுருங்கியது. புது லைனுக்குத் தெம்பு வேண்டும் என்று அனுபவசாலிகளில் பாதிப் பேரை அங்கே மாற்றினோம். அதனால் பழைய லைனும் இளைத்துப் போனது. கூடத்தில் இரைச்சல் ஏறியது. ‘டிக்’ யார் காதிலும் விழவில்லை.

ஹார்னஸ் ஒவ்வொன்றும் கடைசியில் மின் சோதனைப் பலகையில் ஏறி இறங்கித்தான் வெளியே போகும். ஆனால் பாதி செருகிய டெர்மினலும் எதிர்முனையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். மின்சாரம் ஓடும், பலகையில் பச்சை விளக்கு எரியும், சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவோம். (பாதிச் செருகலையும் கண்டுபிடிக்கும் பலகைகள் பிறகு வந்தன. எங்களிடம் அப்போது இல்லை.) கார் ஆலையில் பொருத்திப் பார்த்தபோதும் எல்லாம் எரிந்தது. வண்டி வீட்டுக்குப் போய், ஐந்தாறு ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, வேகத்தடைகளில் குலுங்கி, அந்த டெர்மினல் மயிரிழை அளவு பின்வாங்கிய பிறகுதான் புகார்கள் வந்தன. பள்ளத்தில் இறங்கினால் மீட்டர் அணைந்து எரிகிறது என்றார் ஒருவர். இன்னொருவருக்கு, கண்ணாடி இறக்கும் பொத்தான் காலையில் வேலை செய்து மாலையில் செய்யாது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி அசையாமல் நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். “ஒன்றுமில்லையே சார்” என்று துடைத்து அனுப்பிவிடுவார்கள். காரணத்தை நாங்கள் கண்டுபிடிக்க நான்கு மாதமாயிற்று. அந்த நான்கு மாதத்தில் நாளொன்றுக்கு 700 வீதம் எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் யாரும் மட்டமான ஒயர் வாங்கவில்லை. வரைபடம் அதே, பிளாஸ்டிக் அதே, இயந்திரங்கள் முன்பைவிடப் புதியவை. பணம் கொடுத்து இரண்டு மாதத்தில் லைன் வாங்க முடிந்தது. அந்தப் பெண்ணின் விரல்களை வாங்க முடியவில்லை. அவை தேற நான்கு வருடம் ஆகியிருந்தது. விற்பனை எவ்வளவு ஏறியது என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. வேலை தெரிந்த ஆட்கள் அந்த வேகத்தில் பெருகினார்களா என்றுதான் கேட்பேன்.

ஏதோ ஒரு சின்ன சப்ளையரின் கதை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். தரத்துக்குப் பாடம் எழுதிய டொயோட்டாவுக்கே இது நடந்தது. லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர்போன நிறுவனம் அது. உலகம் முழுவதும் கார் ஆலைக்காரர்கள் யாத்திரை போவதுபோல் போய் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த நிறுவனம் 2002-இல் உலகச் சந்தையில் 15 சதவீதத்தைப் பிடிப்பது என்று இலக்கு வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் தியான்ஜின், கோலின், சான் அன்டோனியோ, குவாங்சோ என்று சீனாவிலும் செக் நாட்டிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் முளைத்தன. 2008-இல், 77 ஆண்டுகளாக விற்பனையில் முதலிடத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டியது.

அதற்கு முந்தைய ஆண்டே மணி அடித்துவிட்டது. அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை வாசகர்களிடம் அவர்களுடைய கார்களைப் பற்றிக் கேட்டுத் தரவரிசை போடும். டொயோட்டா புது மாடல் என்றால் சோதித்துப் பார்க்காமலே சிபாரிசு செய்யும் வழக்கம் அதற்கு இருந்தது. கேம்ரியின் ஆறு சிலிண்டர் வகையும், டன்ட்ரா பிக்கப்பின் நான்கு சக்கர இயக்க வகையும் சராசரிக்குக் கீழே விழுந்ததும், 2007-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. செய்தி சிறியதுதான். ஆனால் என் போன்ற தரப் பிரிவுக்காரர்கள் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

2009 ஆகஸ்ட் மாதம் கலிஃபோர்னியாவில் சான் டியாகோ அருகே, டொயோட்டாவின் உயர்ரகப் பிரிவான லெக்சஸின் கார் ஒன்று நிற்காமல் ஓடி மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களுடைய சொந்த வண்டி சர்வீஸில் இருந்ததால் டீலர் மாற்றாகக் கொடுத்த கார் அது. வேறொரு மாடலுக்கான தரைவிரிப்பு அதில் போடப்பட்டிருந்தது. ஆக்ஸிலரேட்டர் பெடல் அதில் சிக்கிக்கொண்டது. அந்த இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளுக்குத் தரைவிரிப்பு எச்சரிக்கை போனது. 2010 ஜனவரியில் இன்னொரு கோளாறுக்காக 23 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்த இரண்டாவதுதான் எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. இப்போதைய ஆக்ஸிலரேட்டரில் கேபிள் கிடையாது. கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும் ஒயர்தான். கேபிள் இல்லாவிட்டால் பெடல் காலுக்குக் காற்றை மிதிப்பதுபோல் இருக்கும். அதனால் பழைய இறுக்கம் தெரிய வேண்டும் என்று உள்ளே உரசும் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். தேய்மானமும் ஈரமும் சேர்ந்தபோது அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டு, காலை எடுத்தாலும் பெடல் மெதுவாகத் திரும்பியது, அல்லது பாதியில் நின்றது. தீர்வு என்ன தெரியுமா? உள்ளே செருகும் ஒரு சிறிய எஃகுத் தகடு. அந்தத் தகட்டுக்காக ஜனவரி 26 அன்று எட்டு மாடல்களின் விற்பனையை அமெரிக்காவில் நிறுத்தினார்கள்.

ஒரே பெடல் எட்டு மாடல்களில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வேகமாக வளரும் நிறுவனம் அப்படித்தான் செய்யும். ஒரே பாகத்தைப் பல மாடல்களுக்குப் பொதுவாக்கினால் செலவு குறையும், வடிவமைப்பு நேரம் மிச்சமாகும். பாகம் நன்றாக இருந்தால் எல்லா வண்டிக்கும் லாபம். அதில் ஒரு பிழை இருந்தால் அதுவும் எல்லா வண்டிக்கும் போகும்.

இங்கே டொயோட்டாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்து வண்டி தானாகப் பாய்கிறது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களை வைத்தே தேடியது. அப்படி ஒரு மின்னணுக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஆனால் தரைவிரிப்பு, பெடல் பற்றித் தெரிந்ததை மக்களிடம் மறைத்துப் பேசியதற்காக 2014-இல் 120 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. கோளாறு வளர்ச்சியின் பங்கு என்று வைத்துக்கொண்டாலும், மறைத்தது அவர்கள் தாமாகத் தேடிக்கொண்டது.

2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தவர் நிறுவனத்தின் தலைவர் அகியோ டொயோடா, நிறுவனரின் பேரன். வளர்ச்சி மிதமிஞ்சிய வேகத்தில் போய்விட்டதோ என்று அஞ்சுவதாகவும், ஆட்களையும் அமைப்பையும் தயார் செய்யும் வேகத்தைவிடப் பெருகும் வேகம் கூடிவிட்டதாகவும் சொன்னார். முதலில் பாதுகாப்பு, பிறகு தரம், அதன் பிறகுதான் எண்ணிக்கை என்ற வரிசை குழம்பிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: சில ஆண்டுகளுக்குப் புது ஆலை கட்டுவதையே நிறுத்தி வைத்தார். 2015-இல்தான் மெக்ஸிகோ ஆலையை அறிவித்தார்கள். வாங்க ஆள் இருக்கும்போது கட்டாமல் இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அதே குடும்பத்துச் சின்ன நிறுவனமான டைஹாட்சுவில் 2023 டிசம்பரில் வேறொரு பூதம் கிளம்பியது. 64 மாடல்களின் சோதனைகளில் தில்லுமுல்லு. விபத்துச் சோதனையில் ஏர்பேக்கை அதன் சென்சார் விரிக்க வேண்டும்; கட்டுப்பாட்டுக் கருவி தயாராகாததால் டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள். விசாரணைக் குழு கைகாட்டியது, அசையவே விடாத இறுக்கமான கால அட்டவணையை. ‘முடியவில்லை, தள்ளிப் போடுங்கள்’ என்று மேலே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இதுவரை படித்துவிட்டு மாமனாரிடம் காட்டினால் அவர் மீசையை முறுக்குவார். கொஞ்சம் பொறுங்கள்.

எண்ணிக்கை கூடினால் தரமும் கூடிய காலங்கள் உண்டு. ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை மாடல் டி என்ற ஒரே காரை ஒன்றரைக் கோடி செய்தார். 1913-இல் நகரும் லைன் வந்தபோது அடிச்சட்டம் பூட்டும் நேரம் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தது 93 நிமிடமாகக் குறைந்தது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்தால் கருவி நன்றாக அமையும், அளவு பிசகாது. பத்து வண்டி செய்பவனுக்குத் தெரியாத பிழை பத்து லட்சம் செய்பவனுக்குத் தெரிந்துவிடும். கையால் கடைந்து மாதம் நான்கு கார் செய்பவர்களின் வண்டிகளைப் பற்றிக் காதல் கவிதை எழுதுகிறார்கள். அவற்றை மழையில் ஓட்டியவர்களைக் கேட்க வேண்டும். ஆனால் அதே 1913-இல் ஃபோர்டு ஆலையில் ஆட்கள் வந்த வேகத்திலேயே ஓடினார்கள். ஒரு வருடத்தில் விலகியவர்களின் விகிதம் 370 சதவீதம். வேலை பழகுவதற்குள் ஆள் போய்விடுகிறான். அடுத்த ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் சம்பளம் என்று ஃபோர்டு அறிவித்ததற்குத் தாராள மனசைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அவரும் விரல்களுக்குத்தான் விலை கொடுத்தார் என்று தோன்றுகிறது.

ஹூண்டாயின் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. 1986-இல் எக்ஸெல் என்ற மலிவுக் காரோடு அமெரிக்காவுக்குப் போனார்கள். முதல் ஆண்டே 1,68,000-க்கு மேல் விற்றது. அதன் கோளாறுகள் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குத் தீனியாயின. 1998-இல் அங்கே ஆண்டு விற்பனை 90,000 அளவுக்கு வந்து நின்றது. அதன் பிறகு எஞ்சினுக்கும் கியருக்கும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி கொடுத்துத் தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். வாரண்டி நீளமாக இருந்தால் கோளாறின் செலவு சொந்தப் பையிலிருந்து போகும்; பொறியாளர் சொல்வதை முதலாளி கேட்பார். 2004-இல் புதுக் கார் வாங்கியவர்களைக் கேட்டு ஜே.டி. பவர் நிறுவனம் நடத்தும் தொடக்கத் தர ஆய்வில் ஹூண்டாய் டொயோட்டாவை முந்தியது. 1998-இல் நம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை திறந்தபோதும் சான்ட்ரோ என்ற ஒரே காரோடுதான் தொடங்கினார்கள். என் தம்பி அதை 14 வருடம் ஓட்டினான். விற்றபோது வாங்கியவர் எங்கள் தெருவிலேயே இன்னும் ஐந்து வருடம் ஓட்டினார். பிறகு அமெரிக்காவில் மறுபடி சறுக்கல். சொனாட்டா காரின் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள் சரியாகக் கழுவப்படாமல் எண்ணெய் ஓடும் வழியில் தங்கிவிட்டது. எண்ணெய் போகாத பேரிங் எரிந்து எஞ்சின் இறுகும். 2015-இல் 4,70,000 கார்கள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெறுவதில் தாமதித்ததற்காக 2020-இல் அதன் குடும்ப நிறுவனமான கியாவோடு சேர்த்து 21 கோடி டாலருக்கு அமெரிக்க அரசோடு உடன்பாடு செய்ய வேண்டி வந்தது. பாத்திரம் கழுவுவதுபோன்ற ஒரு வேலையில் விட்ட குறைதான் இத்தனைக்கும் காரணம்.

டெஸ்லாவை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னொரு வகைத் தவறு. 2018-இல் மாடல் 3 காரை வாரம் 5,000 செய்ய வேண்டும் என்று ஆட்களுக்குப் பதில் ரோபோக்களை அளவுக்கு மேல் குவித்தார்கள், லைன் சிக்கிக்கொண்டது. கடைசியில் ஆலை வளாகத்தில் கூடாரம் போட்டு, மனிதர்களை வைத்துப் பூட்டி எண்ணிக்கையை எட்டினார்கள். மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஈலான் மஸ்க்கே சொன்னார்.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். நீங்கள் பெயரை எழுதியிருந்தீர்கள். இங்கே தவிர்த்திருக்கிறேன், ஏனென்றால் பதில் பெயரைப் பொறுத்தது இல்லை. அந்த நிறுவனம் எதனால் வளர்ந்தது என்று பாருங்கள். நான்கைந்து வருடமாக ஓடும் ஒரே மாடல், அதே ஆலையில், அதே எஞ்சினோடு கூடுதலாக விற்கிறது என்றால் எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த லைனில் விரல்கள் பழகிவிட்டன. ஆனால் புது மாடல், புது எஞ்சின், புது ஆலை மூன்றும் ஒரே வருடத்தில் வந்திருந்தால் உங்கள் மாமனார் பக்கம் நானும் உட்காருவேன். நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளைப் பார்த்தால், மாடல் சென்ற வருடம்தான் வந்திருக்கிறது, எஞ்சின் அந்த நிறுவனம் ஆறு வருடமாக வேறு காரில் ஓட்டிக்கொண்டிருப்பது, தானாக மாறும் கியர்பாக்ஸ் மட்டும் புதிது. ஆகவே என் யோசனை: அந்தப் புதுக் கியர்பாக்ஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை என்றால் பழைய கையால் மாற்றும் கியர் வகையை எடுங்கள். ஈரோட்டுப் போக்குவரத்தில் இடது கால் வலிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள் என்றால் ஆறு மாதம் பொறுங்கள். இரண்டு வருடம் தேவையில்லை. முதல் வருட வண்டிகளில் வரும் குறைகளுக்குத் திருத்தங்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடத்துக்குள் சத்தமில்லாமல் லைனில் ஏறிவிடும். அப்போது வாங்கும்போது ஷோரூமில் நின்று வாடிய வண்டியைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தயாரித்த ஆண்டும் மாதமும் சேசிஸ் நம்பரிலேயே குறியீடாக இருக்கும். எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த ஷோரூம்.

இணையத்தில் புகார்களை எண்ணிப் பயப்பட வேண்டாம். விற்பனை இரண்டு மடங்கானால் தரம் அப்படியே இருந்தாலும் புகார்கள் இரண்டு மடங்காகத்தான் வரும். எத்தனை புகார் என்பதைவிட, ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். நூறு பேர் நூறு குறை சொன்னால் அது சந்தை. முப்பது பேர், “பள்ளத்தில் இறங்கினால் மீட்டர் அணைகிறது” என்றால், எங்கோ ஒரு கூடத்தில் ‘டிக்’ கேட்கவில்லை.

அந்த நிறுவனம் ஏற்கெனவே ஏதாவது மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறது என்று தெரிந்தால் ஓடிவிடாதீர்கள். நம் நாட்டில் 2012 முதல் நிறுவனங்கள் தாமாக முன்வந்து அறிவிக்கும் வழக்கம் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அரசே உத்தரவிட்டுத் திரும்பப் பெறச் செய்ய விதிகளும் வந்துவிட்டன. குறை தெரிந்ததும் தானே கூப்பிட்டுச் சரிசெய்கிற நிறுவனத்தை நான் நம்புவேன். வேகமாக வளர்ந்தும் ஒருமுறைகூட எதையும் திரும்ப அழைக்காத நிறுவனம் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இவ்வளவு நேரம் ஆலையைப் பற்றிப் பேசினேன். ஆனால் விற்பனை திடீரென ஏறும்போது முதலில் மூச்சுத் திணறுவது ஆலை இல்லை, சர்வீஸ் சென்டர். ஷோரூமை மூன்று மாதத்தில் கண்ணாடி போட்டுத் திறந்துவிடலாம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் மெக்கானிக் மூன்று மாதத்தில் வரமாட்டார். உங்கள் மாவட்டத்தில் அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு சர்வீஸ் சென்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னாலும் ஒன்றுதானாம். வண்டிகள் மட்டும் இரண்டு மடங்கு.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே போங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 30 வருடம் லாரி வைத்திருந்தவருக்கு ஒரு பட்டறையை வாசலில் நின்றே படிக்கத் தெரியும். நுழைவாயிலில் வரிசையில் நிற்கும் வண்டிகளை எண்ணுங்கள். வேலை செய்யும் பையன்களில் ஒருவரிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பிறகு உதிரிபாகக் கவுண்டரில், நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்கு முன் பம்பரும் வலது பக்க ஹெட்லைட்டும் வேண்டும் என்று சொல்லி, விலையைக் கேட்காமல், எத்தனை நாளில் வரும் என்று மட்டும் கேளுங்கள். நான்கு நாள், ஒரு வாரம் என்றால் முன்பணம் கட்டலாம். கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே “ஒன்றரை மாதம் ஆகும் சார்” என்றால், திரும்பி வரும் வழியில் மாமனாருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, அவர் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடுங்கள்.